கார் மன்னர் ஹென்றி போர்டு: மகன் சொல்லியும் கேட்காத தந்தை

1927-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரை ஒட்டிய ஹைலண்டு பார்க் என்ற ஊரில் ஒரு பெரிய கார் தொழிற்சாலை. அதில் இருந்து ஒரு புதுக் கார் வெளியே வந்தது. மகன் ஓட்டினார். பக்கத்தில் தந்தை உட்கார்ந்திருந்தார். தந்தைக்கு வயது 63. மகனுக்கு வயது 33.

அது ஒரு கோடியே 50 லட்சமாவது கார்! ஒரே ரகக் காரை அத்தனை பேருக்குச் செய்து விற்றவர் அதுவரை உலகத்தில் யாரும் இல்லை. ஊரைக் கூட்டி விழா எடுக்க வேண்டிய நாள். ஆனால், அது திறப்பு விழா அல்ல. மூடுவிழா. அந்தக் கார் இனி செய்யப்படாது என்று கம்பெனி அறிவித்துவிட்டது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்து வீட்டுக்குப் போனார்கள்.

அந்தத் தந்தைதான் கார் மன்னர் ஹென்றி போர்டு. மகன் பெயர் எட்சல் போர்டு.

இப்போது உலகம் முழுவதும் ஒரு பேச்சு. பெட்ரோல் கார் செய்யும் பழைய பெரிய கம்பெனிகளை, மின்சாரக் கார் செய்யும் புதிய கம்பெனிகள் பின்னுக்குத் தள்ளுகின்றன என்று. அமெரிக்காவில் 2003-ல் தொடங்கிய டெஸ்லாவும், சீனாவில் 1995-ல் வெறும் பாட்டரி செய்யத் தொடங்கிய பி.ஒய்.டி. கம்பெனியும் இன்று கார் உலகத்தைக் கலக்குகின்றன. சென்னை அருகே மறைமலை நகரில் பல ஆண்டுகள் கார் செய்த போர்டு கம்பெனியும் இந்தப் போட்டியில் திணறுகிறது. மின்சாரக் கார் திட்டங்களை மாற்றுவதால் தனக்கு 1,950 கோடி டாலர் அளவுக்கு இழப்பு வரும் என்று 2025 டிசம்பரில் அது அறிவித்தது.

நேற்று வந்தவனிடம் பெரிய கம்பெனி தோற்பது புதிய செய்தி அல்ல. அந்தக் கம்பெனியை உண்டாக்கியவரே தம் வாழ்நாளில் அதைப் பார்த்துவிட்டார். அதுவும், முதலில் ஜெயித்தவராக இருந்து பார்த்தார். பிறகு தோற்றவராக இருந்து பார்த்தார்.

கடிகாரம் பிரித்த சிறுவன்

ஹென்றி போர்டு 1863-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் பக்கத்தில் ஒரு பண்ணை வீடு. தந்தை வில்லியம் விவசாயி. அயர்லாந்து நாட்டில் இருந்து பிழைக்க வந்தவர்.

ஹென்றிக்கு வயல் வேலை பிடிக்காது. கையில் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்ப்பான். அக்கம்பக்கத்து வீடுகளின் கடிகாரம் நின்றுபோனால் அவனிடம்தான் வரும்.

12 வயதில் தாயை இழந்தான். அதே ஆண்டு கோடைக்காலத்தில் தந்தையுடன் குதிரை வண்டியில் போகும்போது ஒரு அதிசயத்தைக் கண்டான். சாலையில் ஒரு நீராவி எந்திரம் தானாகவே உருண்டு வந்துகொண்டிருந்தது! முன்னால் குதிரை இல்லை, மாடு இல்லை. வண்டியில் இருந்து குதித்து ஓடினான். எந்திரம் ஓட்டியவனைக் கேள்வி கேட்டுத் துளைத்துவிட்டான். அந்தக் காட்சி சாகும்வரை அவருக்கு மறக்கவில்லை.

16-வது வயதில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போனார். பட்டறையில் வேலை பழகினார். கிடைத்த கூலி சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போதவில்லை. இரவில் ஒரு நகைக் கடையில் கடிகாரம் பழுது பார்த்தார்.

1888-ல் கிளாரா என்ற பெண்ணை மணந்தார். கணவர் இரவெல்லாம் கொட்டகையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாலும் முகம் சுளிக்காத மனைவி. 1893-ல் ஒரே மகன் எட்சல் பிறந்தான். குழந்தைக்கு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் இரவு. வீட்டில் எல்லாரும் பண்டிகை வேலையில் இருக்கிறார்கள். ஹென்றி தாம் செய்த சிறிய பெட்ரோல் என்ஜினைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் அதைப் பொருத்தினார். பெட்ரோலைச் சொட்டுச் சொட்டாக விடும் வேலையைக் கிளாராவிடம் கொடுத்தார். என்ஜின் படபடவென்று ஓடியது. தொட்டி குலுங்கியது. புகை சூழ்ந்தது. பக்கத்து அறையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

சுவரை இடித்தார்

அப்போது ஹென்றி போர்டுக்கு எங்கே வேலை தெரியுமா? மின்சாரக் கம்பெனியில்! டெட்ராய்ட் நகரத்துக்கு விளக்கு எரிய மின்சாரம் கொடுத்த எடிசன் கம்பெனியில் அவர் தலைமை என்ஜினீயர். பகலில் மின்சாரம். இரவில் பெட்ரோல் என்ஜின்.

1896-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி விடியற்காலை அவருடைய முதல் வண்டி தயாராயிற்று. நாலு சைக்கிள் சக்கரம், ஒரு பெட்டி, ஒரு என்ஜின். ஓட்டிப் பார்க்க வெளியே கொண்டுவர வேண்டும். அப்போதுதான் தெரிந்தது, கொட்டகையின் கதவைவிட வண்டி அகலம் என்று! ஹென்றி யோசிக்கவில்லை. கோடரியை எடுத்தார். செங்கல் சுவரை இடித்தார். வண்டி தெருவுக்கு வந்தது. கொட்டகையோ வாடகைக் கொட்டகை!

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் மின்சாரக் கம்பெனிகளின் மாநாடு. அங்கே மாமேதை எடிசனைச் சந்தித்தார். மின்சாரத்தின் தந்தை என்று உலகம் புகழ்ந்தவர் பெட்ரோல் வண்டியைக் கேலி செய்வார் என்று பலர் நினைத்தார்கள். எடிசன் கேலி செய்யவில்லை. நல்ல யோசனை, விடாதே என்று மேசையைத் தட்டிச் சொன்னார். பாட்டரி வண்டி மின்சார நிலையத்தை விட்டுத் தூரம் போக முடியாது, இந்த வண்டி தன் சக்தியைத் தானே சுமந்துகொண்டு போகிறது என்று காரணமும் சொன்னார். ஹென்றிக்கு அது தெய்வ வாக்கு. அன்று முதல் எடிசனை அவர் குருவாக நினைத்தார்.

அந்தக் காலத்தில் கார் என்றால் பெட்ரோல் கார் என்று யாரும் நினைக்கவில்லை. 1900-ம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட மோட்டார் வண்டிகள் 4,192. அவற்றில் நீராவி வண்டி 1,681. மின்சார வண்டி 1,575. பெட்ரோல் வண்டி வெறும் 936! பெட்ரோல் வண்டி இரைச்சல் போடும். நாற்றம் அடிக்கும். கிளப்புவதற்கு முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். சில சமயம் கைப்பிடி திருப்பி அடித்துக் கை எலும்பு முறிந்துவிடும். மின்சார வண்டியில் அந்தத் தொல்லை எதுவும் இல்லை. பெரிய இடத்துப் பெண்கள் அதைத்தான் விரும்பினார்கள்.

ஹென்றியின் கம்பெனி அவருக்குப் பெரிய பதவி தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை. பெட்ரோல் பைத்தியத்தை விட வேண்டும். 1899-ல் அவர் வேலையை விட்டார். மனைவியும் 5 வயது மகனும் இருக்கும்போது நல்ல சம்பளத்தை உதறுவது விளையாட்டா? கிளாரா தடுக்கவில்லை.

முதலில் சேர்ந்த கார் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியில் பணம் போட்டவர்களோடு சண்டை. வெளியேறினார். அவர் விட்டுப்போன அந்தக் கம்பெனிதான் பிறகு காடிலாக் என்ற பெயரோடு புகழ் பெற்றது. மூன்றாவது தடவையாக 1903-ம் ஆண்டு ஜூன் மாதம் போர்டு மோட்டார் கம்பெனி பிறந்தது. கையில் இருந்த முதல் 28 ஆயிரம் டாலர். அப்போது அவருக்கு வயது 39.

ஏழைக்கு ஒரு கார்

அப்போது கார் என்பது பணக்காரர் பொம்மை. விவசாயியும் தொழிலாளியும் வாங்கும் கார் ஒன்று வேண்டும் என்று ஹென்றி போர்டு எண்ணினார். 1908-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி அது வந்தது. அதன் பெயர் மாடல் டி.

பார்க்க அழகு இல்லை. ஆனால், இரும்பு மனிதன் மாதிரி உழைக்கும். அந்த நாளில் அமெரிக்காவில் சாலை என்பதே சேறும் பள்ளமும்தான். மாடல் டி உயரமாக நின்றது. சேற்றில் சிக்காது. பழுதானால் பண்ணைக்காரனே சுத்தியலும் கம்பியும் வைத்துச் சரி பண்ணிக்கொள்வான். ஒரு வேடிக்கையும் உண்டு. அதன் பெட்ரோல் தொட்டி இருக்கைக்குக் கீழே இருந்தது. பெட்ரோல் தானாக வழிந்துதான் என்ஜினுக்குப் போக வேண்டும். ஆகையால் தொட்டியில் பெட்ரோல் குறைந்திருக்கும்போது செங்குத்தான மேட்டில் ஏற வேண்டுமானால் காரைத் திருப்பிப் பின்பக்கமாக ஏற்ற வேண்டும்!

கார் கேட்டுக் கூட்டம் குவிந்தது. செய்து கொடுக்க முடியவில்லை. சிக்காகோ நகர இறைச்சிக் கூடங்களில், தொங்கும் இறைச்சி நகர்ந்து போகும். ஆட்கள் நின்ற இடத்தில் நின்று வெட்டுவார்கள். போர்டின் ஆட்கள் அதைத் திருப்பிப் போட்டார்கள். 1913-ல் கார் நகர்ந்தது. ஆட்கள் நின்ற இடத்தில் நின்று ஆளுக்கு ஒரு பாகத்தைப் பூட்டினார்கள். ஒரு காரின் அடிச்சட்டத்தைப் பூட்ட முன்பு பன்னிரண்டரை மணி நேரம் ஆயிற்று. இப்போது 93 நிமிடம் போதும்!

ஆனால், ஒரே திருகை நாள் முழுவதும் திருகினால் மனிதனுக்குப் பைத்தியம் பிடிக்காதா? ஆட்கள் ஓடினார்கள். 14 ஆயிரம் பேர் வேலை செய்யும் இடத்துக்கு ஒரே ஆண்டில் 52 ஆயிரம் பேரைச் சேர்க்க வேண்டி வந்தது. 1914 ஜனவரியில் ஹென்றி போர்டு ஒரு குண்டைப் போட்டார். நாள் கூலி 5 டாலர். வேலை 8 மணி நேரம். அதுவரை அதில் பாதிக்கும் குறைவான கூலிக்கு 9 மணி நேரம் உழைத்தவர்கள் நம்ப முடியாமல் திகைத்தார்கள். மறுநாளே பனியில் ஆயிரக்கணக்கான பேர் வாசலில் வந்து நின்றார்கள். 5 டாலருக்கு நிபந்தனையும் உண்டு. தொழிலாளி குடிக்கிறானா, வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறானா என்று பார்க்கக் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கே வருவார்கள். கூலி கொடுப்பவர் குடும்பத்தலைவராகவும் இருக்கப் பார்த்தார்.

விலை ஆண்டுதோறும் இறங்கியது. 825 டாலரில் தொடங்கிய கார் 1925-ல் 260 டாலருக்கு வந்தது. வர்ணம் ஒன்றே ஒன்று. 1914 முதல் பல ஆண்டுகள் கறுப்பு மட்டும்தான்.

கிளாராவின் கார்

இங்கே ஒரு ருசியான செய்தி. உலகத்துக்கெல்லாம் பெட்ரோல் கார் விற்ற ஹென்றி போர்டின் மனைவி எதில் போனார்? மின்சாரக் காரில்!

டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற கம்பெனி செய்த கார் அது. கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை மாதிரி இருக்கும். கைப்பிடி சுழற்ற வேண்டாம். புகை இல்லை. சத்தம் இல்லை. தோழிகளைப் பார்க்கவும் கடைக்குப் போகவும் கிளாரா அதில்தான் போவார். அவர் ஓட்டிய 1914-ம் ஆண்டுக் கார் டியர்பார்னில் ஹென்றி போர்டு பெயரில் உள்ள பொருட்காட்சிச் சாலையில் இருக்கிறது.

அந்த ஆண்டில் ஹென்றி போர்டே மின்சாரக் கார் செய்ய முயன்றார். பாட்டரி எடிசனுடையது. குருவும் சீடனும் சேர்ந்து மலிவான மின்சாரக் கார் கொண்டுவரப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. இரண்டொரு சோதனை வண்டிகளும் ஓடின. அதோடு சரி. பாட்டரி கனமாக இருந்தது. குளிரில் அதன் சக்தி குறைந்தது. நல்ல பாட்டரி கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

மின்சாரக் காருக்கு முடிவு கட்டியதும் மின்சாரமே. 1912-ல் காடிலாக் காரில் ஒரு சிறிய மின்சார மோட்டாரை வைத்தார்கள். பொத்தானை அமுக்கினால் என்ஜின் கிளம்பிவிடும். கைப்பிடித் தொல்லை தீர்ந்தது. பெண்களும் பெட்ரோல் கார் ஓட்டலாம் என்று ஆயிற்று. விலையிலோ மாடல் டியோடு போட்டி போட ஆள் இல்லை. ஒரு மின்சாரக் கார் விலைக்கு மாடல் டி பல வாங்கலாம். ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரக் கார் கம்பெனிகள் மூடப்பட்டன.

ஹென்றி போர்டு ஜெயித்துவிட்டார். 1921-ல் அமெரிக்காவில் விற்ற கார்களில் பாதிக்கு மேல் அவருடையவை.

வேண்டாம் என்று சொல்ல ஆள் இல்லை

1912-ல் நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஹென்றி போர்டு ஐரோப்பா போயிருந்தார். அவர் திரும்புவதற்குள் என்ஜினீயர்கள் ஆசையோடு ஒரு புது மாதிரி செய்து வைத்தார்கள். மாடல் டியைவிடத் தாழ்வானது. நீளமானது. பளபளக்கும் சிவப்பு வர்ணம். முதலாளி மகிழ்வார் என்று நினைத்தார்கள். அவர் பேசாமல் காரை இரண்டு மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு கதவைப் பிடித்து இழுத்துப் பிய்த்தார். கண்ணாடியை உடைத்தார். மாடல் டியில் யாரும் கை வைக்கக் கூடாது!

தைரியமாக எதிர்த்துப் பேசக்கூடிய கூட்டாளி ஜேம்ஸ் கூசன்ஸ் 1915-ல் விலகினார். 1919-ல் மற்றப் பங்குதாரர்களின் பங்கையெல்லாம் பத்துக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிவிட்டார் போர்டு. கம்பெனி முழுவதும் குடும்பச் சொத்தாயிற்று. தலைவர் பதவியில் 25 வயது மகன் எட்சலை உட்கார வைத்தார். பதவி மகனுக்கு. அதிகாரம் தந்தைக்கு.

எட்சல் தந்தையைப் போல் அல்ல. அமைதியானவர். படம் வரைவார். கலைப் பொருள்களில் ஆசை. கார் ஓடினால் மட்டும் போதாது, கண்ணுக்கும் அழகாக இருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. தந்தைக்கு அது பணக்காரப் பிள்ளையின் சொகுசாகத் தோன்றியது.

எதிர்க் கடையில் ஆள் வந்துவிட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் 1923-ல் ஆல்பிரட் ஸ்லோன் தலைவர் ஆனார். போர்டு கம்பெனியில் உழைத்து, பிறகு விலகிய நுட்சன் என்ற டென்மார்க் நாட்டுக்காரரை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். செவர்லே காரை அவரிடம் ஒப்படைத்தார்கள். போர்டின் தொழில் ரகசியம் எல்லாம் நுட்சனுக்கு மனப்பாடம்.

செவர்லேயின் விலை மாடல் டியைவிட அதிகம்தான். ஆனால், மூடிய கூண்டு இருந்தது. மழையில் நனைய வேண்டாம். எளிதாக மாற்றும் கியர் இருந்தது. பல வர்ணங்கள் வந்தன. தவணை முறையும் உண்டு. இன்று காரை எடுத்துக்கொண்டு போ, மாதாமாதம் பணம் கட்டு என்றார்கள்.

கடன் வாங்குவது ஹென்றி போர்டுக்குப் பிடிக்காது. 1923-ல் அவரும் ஒரு திட்டம் போட்டார். வாரம் 5 டாலர் கட்டி வர வேண்டும். முழு விலையும் சேர்ந்த பிறகுதான் கார்! சீட்டுக் கட்டுவது போல. எதிர்க் கடையில் காரை முதலிலேயே கொடுக்கும்போது எவன் காத்திருப்பான்?

இன்னொன்றும் நடந்தது. அது போர்டின் வெற்றியாலேயே விளைந்தது. லட்சக்கணக்கான கார்கள் ஓடியதால் அரசாங்கம் நல்ல சாலை போட்டது. நல்ல சாலை வந்ததும் சேற்றுக்காகச் செய்த உயரமான கார் எதற்கு? ஊரெல்லாம் கார் ஆனதால் பழைய கார் சந்தையும் வந்தது. புது மாடல் டி வாங்கும் பணத்தில் இரண்டாம் கையாக ஒரு சொகுசுக் கார் கிடைத்தது. விலையை இன்னும் குறைத்தாலும் போர்டுக்குப் பழைய கூட்டம் வரவில்லை.

எட்சல் எத்தனையோ முறை தந்தையிடம் எடுத்துச் சொன்னார். எட்சலின் சகலை எர்னஸ்ட் கன்ஸ்லர் கம்பெனியில் பெரிய அதிகாரி. 1926 ஜனவரியில் அவர் ஹென்றி போர்டுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். மிகவும் பணிவான கடிதம். மாடல் டி மட்டும் இனிப் போதாது, நாம் தேய்கிறோம், எதிரிகள் வளர்கிறார்கள் என்பதுதான் சாரம். சில மாதத்தில் கன்ஸ்லர் வேலை போயிற்று. மகனின் உறவு என்றும் பார்க்கவில்லை.

விற்பனை குறைந்ததற்குக் கார் வியாபாரிகளின் சோம்பலே காரணம் என்றார் கிழவர். 1926 மாடலில் மற்ற வர்ணங்களையும் கொடுத்துப் பார்த்தார். அந்த ஆண்டில் அவர் பங்கு மூன்றில் ஒன்றாக இறங்கியது. 1927-ல் செவர்லே 10 லட்சத்துக்கு மேல் விற்றது. அப்போதுதான் அவர் பணிந்தார்.

வேறு புதுக் கார் எதுவும் தயாராக இல்லாமலே பழைய காரை நிறுத்தினார்! ஏறக்குறைய ஆறு மாதம் தொழிற்சாலை ஓடவில்லை. டெட்ராய்ட் நகரத்தில் மட்டும் சுமார் 60 ஆயிரம் பேருக்கு வேலை இல்லை. கார் விற்கும் கடைக்காரர்கள் விற்க ஒன்றும் இல்லாமல் தவித்தார்கள். பலர் செவர்லே பக்கம் போய்விட்டார்கள். தந்தை பிடித்த பிடிவாதத்துக்கு விலை கொடுத்தவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1927 டிசம்பர் 2-ந் தேதி மாடல் ஏ வந்தது. உடல் அழகு எட்சலின் கைவண்ணம். நாலு சக்கரத்துக்கும் பிரேக். முன் கண்ணாடி உடைந்தாலும் சிதறாது. கடைகளில் போலீஸ் வைக்கும் அளவுக்குக் கூட்டம். 1931-க்குள் 48 லட்சத்துக்கு மேல் விற்றது. மகன் சொன்னது சரியென்று ஊர் ஒப்புக்கொண்டது. தந்தை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை.

நிம்மதி இல்லாத மகன்

1932-ல் மலிவு விலைக் காரில் எட்டு சிலிண்டர் என்ஜின் வைத்து ஹென்றி போர்டு மறுபடி எல்லாரையும் அசத்தினார். அவருடைய கடைசிப் பெரிய வெற்றி அது. மற்றபடி சரிவுதான். 1930-களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ், கிரைஸ்லர் இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது இடத்துக்குப் போர்டு கம்பெனி இறங்கியது. பிரேக்கை எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்படி மாற்ற வேண்டும் என்று எட்சல் ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். செவர்லே 1936-ல் மாற்றிவிட்டது. போர்டு 1939-ல்தான் மாற்றியது.

பெரியவரின் மனத்தில் வேறு இருளும் இருந்தது. அவர் நடத்திய பத்திரிகை யூதர்களைப் பற்றி ஆண்டுக்கணக்கில் விஷம் கக்கியது. வழக்கு வந்தது. 1927-ல் மன்னிப்புக் கேட்டார். ஆனால், 1938-ல் ஹிட்லர் ஆட்சி கொடுத்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். ஏழைக்குக் கார் கொடுத்தார் என்பதற்காக இதை மறைக்க முடியாது.

தொழிலாளர் சங்கத்தை அடக்க ஹாரி பென்னட் என்ற முரடரை வைத்திருந்தார். 1937-ல் சங்கத் தலைவர்களைக் கம்பெனி ஆட்கள் பட்டப்பகலில் அடித்தார்கள். 1941-ல் வேலைநிறுத்தம். ஒப்பந்தத்தில் கையெழுத்திடாவிட்டால் வீட்டை விட்டே போய்விடுவதாகக் கிளாரா எச்சரித்தார். கோடீஸ்வரர் பணிந்தார். மகன் சொல் கேட்காதவர் மனைவி சொல் கேட்டார்!

பென்னட்டைத் தந்தை மகனுக்கும் மேலாக நம்பினார். எட்சல் போட்ட உத்தரவுகள் அவர் மேசையைத் தாண்டுமுன்பே ரத்தாகும். எட்சல் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. வேறு வேலைக்கும் போகவில்லை. வயிற்றில் புண் வந்தது. அது புற்றுநோய் ஆயிற்று. போதாததற்கு விடாத காய்ச்சல் வேறு. தந்தையின் பண்ணையில் இருந்து வந்த காய்ச்சாத பாலால் அந்தக் காய்ச்சல் வந்தது. பாலைக் காய்ச்சிக் கிருமி நீக்குவதில் பெரியவருக்கு நம்பிக்கை இல்லை.

1943-ம் ஆண்டு மே மாதம் 26-ந் தேதி எட்சல் இறந்தார். வயது 49. ஒரு கோடியே 50 லட்சமாவது மாடல் டி காரில் தந்தையை உட்கார வைத்து ஓட்டிச் சென்ற அதே மே 26. சரியாக 16 ஆண்டு.

80 வயதை நெருங்கிய தந்தை மறுபடி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். நினைவு தடுமாறும் நேரம் அது. கம்பெனி நஷ்டத்தில் ஓடியது. எட்சலின் மனைவி எலினார் இனிப் பொறுக்கவில்லை. தன் மகனிடம் கம்பெனியைக் கொடுக்காவிட்டால் தன் பங்குகளை வெளியாருக்கு விற்றுவிடுவேன் என்றார். கிளாராவும் மருமகள் பக்கம் நின்றார். 1945 செப்டம்பரில் பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு தலைவர் ஆனார். அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று பென்னட்டை வெளியே அனுப்பியது.

1947-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. ரூஜ் ஆற்றில் வெள்ளம். கரையில் இருந்த போர்டு மாளிகைக்கென்று தனி மின்சார நிலையம் உண்டு. வெள்ளம் அதில் புகுந்தது. விளக்குகள் அணைந்தன. தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அன்று பகலில் பெரியவர் காரில் போய் வெள்ளத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரவில் தலை வலிக்கிறது என்றார். கிளாரா மெழுகுவர்த்தியையும் எண்ணெய் விளக்கையும் ஏற்றி வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். டாக்டரை அழைத்துவரக் காரோட்டி விரைந்தார். டாக்டர் வருவதற்குள், இரவு 11 மணி 40 நிமிடத்துக்கு, ஹென்றி போர்டின் உயிர் பிரிந்தது. வயது 83.